நான்காம் குழாய்

உப்பளம் பகுதி ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார ரமீஜாவுக்கு மூன்று வருஷம் பிடித்தது. பார்க்கப்போனால் அது ஒன்றும் சிம்மாசனம் இல்லை. ஒரு கால் ஆடும். ஆடாமலிருக்க அதன் அடியில் மாத்திரை அட்டை ஒன்றை மடித்துச் செருகியிருந்தார்கள். ஆனால் அந்த மூன்று வருஷமும் வாசல் ஜன்னலில் நின்று, வருகிறவர்கள் நீட்டும் சளி டப்பாவையும் சிறுநீர் பாட்டிலையும் வாங்கி எண் ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பத்தடி தூரம்தான். அதைக் கடக்க என்ன பாடு என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஆய்வுக்கூடம் டாக்டர் சக்கரபாணியுடையது. பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், பிரெஞ்சுக்காரன் காலத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து நடத்திக்கொண்டிருந்தார். சுத்தம் என்று வந்துவிட்டால் மனிதர் கறார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேலை பிடித்திருந்தால் "போன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார்; பிரெஞ்சில் 'நன்று' என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மட்டும் வார்த்தைக்குப் பஞ்சமே இருக்காது.

எண்பத்திரண்டில் பம்பாய்க் கம்பெனி ஒன்று அவருக்குப் புது மருந்து அனுப்பியது. கிருமியைக் கொல்லும் மருந்து. இன்னும் பெயர் வைக்காத வெள்ளைப் பொடி; சீசாவின் மேல் வெறும் நம்பர்தான். சிறுநீரில் வருகிற கிருமியை எவ்வளவு குறைந்த மருந்தில் ஒடுக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. குழாய்களில் மருந்தைக் கலந்து வைத்துப் பார்க்கிற வேலையை அவர் ரமீஜாவுக்குக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேலை இதுதான். எட்டுக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கிருமிக்குத் தீனியாக ஒரு மில்லி இறைச்சிச் சாறு. முதல் குழாயில் ஒரு மில்லி மருந்தை விட்டுக் கலக்கி, அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இரண்டாவதில் விட்டு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று எட்டு வரை போக வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் முந்தியதில் பாதி மருந்து இருக்கும். பிறகு எல்லாவற்றிலும் கிருமியை விட்டு, இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வந்து பார்க்கும்போது குழாய் தெளிந்திருந்தால் மருந்து ஜெயித்தது, கலங்கியிருந்தால் கிருமி ஜெயித்தது. ரமீஜா முதல் தடவை செய்தபோது ஐந்து குழாய் தெளிவு, ஆறாவது கலங்கல். டாக்டர் "போன்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் ரம்ஜான் பிறந்தது.

அந்த ஒரு மில்லியை எடுப்பது பிப்பெட் என்கிற கண்ணாடிக் குச்சியால். நுனியை மருந்தில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். கோடு வரை ஏறியதும் விரலால் அடைக்க வேண்டும். இன்றைக்குச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அன்றைக்கு எல்லா ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். வாய்ப் பக்கம் கொஞ்சம் பஞ்சு அடைத்திருக்கும், அதுதான் பாதுகாப்பு. கை பழகாதவர்கள் வாயில் மாதம் ஒரு தடவையாவது ஏறிவிடும்.

நோன்பு வைத்த வாயால் ரமீஜா எப்படி உறிஞ்சுவாள்? ஒரு சொட்டு தொண்டைக்குப் போனாலும் நோன்பு போச்சு. ஜன்னலில் நின்ற வருஷங்களில் இந்தச் சங்கடம் வந்ததில்லை. ரப்பர் பல்பு போட்டு உறிஞ்சலாம். இருந்த ஒன்றும் கிழிந்து போய், புதிது மெட்ராஸிலிருந்து வர வேண்டியிருந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் நாற்காலிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் போய் சலுகை கேட்டால் என்ன நினைப்பார்? சிபாரிசோடு வந்த பி.எஸ்ஸி. பையன் இராமதாஸ் வேறு, இப்போது ஜன்னலில் நின்றபடி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே அவள் தனக்குத் தோன்றிய வழியில் போனாள். ஒரு கண்ணாடிக் குழலை நெருப்பில் காட்டி, நுனி மெலிய இழுத்து, ரப்பர் தொப்பி மாட்டி ஒரு சொட்டுக்குழல் செய்துகொண்டாள். இருபது சொட்டு ஒரு மில்லி என்பது எந்தக் கம்பவுண்டரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. பிப்பெட்டைத் தொடாமல், ஒவ்வொரு குழாய்க்கும் இருபது இருபது சொட்டாக எண்ணி விட்டாள். குழாய்களில் சாறு நோன்புக்கு முன்னாலேயே அளந்து வைத்ததுதான். வாயும் சுத்தம், கையும் சுத்தம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நான்காம் குழாயே கலங்கியிருந்தது.

கலங்கிய குழாயைக் கழுவப் போட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம். ரமீஜா போடவில்லை. அதிலிருந்து துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கிடைத்ததையெல்லாம் அதன் அடியில் வைத்துப் பார்ப்பது அப்போது அவளுக்கு ஒரு ஆசை. தயிரைப் பார்த்தாயிற்று, கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தாயிற்று.

சாதாரணமாக அந்தக் கிருமி கட்டைகுட்டையாக, உடைத்த சேமியாத் துண்டு மாதிரி, ரோஜா நிறத்தில் இருக்கும். இப்போது துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் நீளம் நீளமாக, உடைக்காத சேமியாவாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தது. சில இழைகள் கண்ணுக்குத் தெரிந்த வட்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடின. ரமீஜா மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சரியில்லை.

"பூஞ்சை வந்துடுச்சு" என்றார். "கண்ணாடி சுத்தமில்ல. இல்லன்னா உன் கை சுத்தமில்ல."

"பூஞ்சைன்னா ஊதாவா இருக்கும் சார். இது ரோஸா இருக்கு."

"அப்ப சாயமும் சரியா போடல."

கண்ணாடி கழுவுகிற செல்வாம்பாள் தொட்டியடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுருக்கென்றது. "பதினஞ்சு வருசமா கழுவுறேன். என் கண்ணாடியில பூஞ்சையா" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவ செய். இது நம்ம கிருமிதான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு. காட்ட முடியலன்னா இராமதாஸ் உக்காரட்டும். நீ ஜன்னலுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

ரமீஜாவுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. நாற்காலி போவது ஒரு பக்கம். கை சுத்தமில்லை என்று சொன்னது அதைவிட எரிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை கை கால் கழுவுகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது?

மறுபடி செய்தாள். அதே சொட்டுக்குழல், அதே இருபது சொட்டு. மறுபடியும் நான்காவது கலங்கல், மறுபடியும் நீள இழைகள். பூஞ்சையாக இருந்தால் எப்போதும் பூஞ்சையாகத்தானே இருக்க வேண்டும்? நம் கிருமிதான் மருந்து பட்டு இப்படி ஆகியிருக்கிறது என்றால், மருந்தை எடுத்துவிட்டால் பழையபடி ஆக வேண்டும். வியாழக்கிழமை காலை அந்தச் சாற்றைச் சுழல் இயந்திரத்தில் சுற்றி, அடியில் படிந்த கிருமியை மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மருந்தே இல்லாத புதுச் சாற்றில் விட்டாள். மணிக்கு ஒரு தடவை துளி எடுத்துப் பார்த்தாள்.

முதல் இரண்டு தடவை ஒன்றும் மாறவில்லை. மூன்றாவது தடவை சில இழைகளில் இடுக்கு விழுந்தது போலிருந்தது. மத்தியானத்துக்குள் இழைகள் துண்டாகிக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு வட்டம் முழுக்கக் கட்டைகுட்டைத் துண்டுகள். இழையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவளுக்கு அந்த நேரத்தில் பசியும் இல்லை, தாகமும் இல்லை.

ஏழு தகடுகளையும் வரிசையாக வைத்துக் காட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"போன்" என்றார். கொஞ்சம் கழித்து, "செல்வாம்பா, உன் கண்ணாடி நல்ல கண்ணாடிதான்" என்றும் சொன்னார். செல்வாம்பாள் காது கேட்காதவள் போலக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டே விளக்கினார். "கிருமி என்ன பண்ணும்? நீளும். நீண்டதும் நடுவுல ஒரு சுவரு எழுப்பி ரெண்டாப் பிரியும். இந்த மருந்து கொஞ்சமா இருந்தா அந்த நடுச்சுவர மட்டும் எழுப்ப விடாது. வளருது, ஆனா பிரிய முடியல. அதான் இந்த நீளம். மருந்து கூட இருந்தா வெளிச்சுவரே தாங்காது, வெடிச்சிடும்." சொல்லிவிட்டு உற்சாகமாக எழுந்தார். "ஆனா ஒண்ணு. முன்னாடி அஞ்சு டியூப் தெளிஞ்சிது, இப்ப மூணுதான். ரெண்டு தடவ செஞ்சும் அப்படியே வருது. கிருமி மருந்துக்குப் பழகிட்டு வருதுன்னு அர்த்தம். மருந்த கூடுதலாத்தான் குடுக்கணும்னு பம்பாய்க்கு இன்னிக்கே டைப் அடிக்கச் சொல்றேன், நாளைக்கு அனுப்பிடலாம்."

நாற்காலி நிலைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ரமீஜா அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று நோன்பு திறக்கிற நேரம். அவள் கணவன் அப்துல் கஃபார் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தான். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, கடைசியில் கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்த இனிப்பு. ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் கிருமியை வளர்ப்பதும் அதே கடல்பாசியில்தான் என்பதால் அவன் தினமும் ஒரு கேலி செய்வான். அன்றைக்குக் கேலி செய்யவில்லை. ஒரு துண்டு வாயில் போட்டு யோசித்தான்.

"எசென்ஸ் போடலியா? ரோஸ் வாசனையே இல்லியே."

"போட்டேங்க. எப்பவும் போல பத்து சொட்டு."

கஃபார் எழுந்து போய் எசென்ஸ் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். லேத்காரனின் கண் முதலில் ஓட்டையைத்தான் பார்க்கும். "இது புது பாட்டிலு. பழசுல வாய் அகலம், சொட்டு குண்டா விழும். இது ஊசி வாய். உன் பத்து சொட்டு அதுல ஆறுதான் இருக்கும்" என்றான்.

ரமீஜா கரண்டியைக் கீழே வைத்தாள். நெருப்பில் காட்டி மெல்லிசாக இழுத்த அந்தக் குழல் நுனி அவள் கண்முன் வந்தது. இருபது சொட்டு ஒரு மில்லியே இல்லை. முதல் குழாயிலேயே மருந்து குறைச்சல். அதிலிருந்து இரண்டாவதுக்குப் போனது அதைவிடக் குறைச்சல். போகப் போகக் குறைந்துகொண்டே போய், நான்காவதில் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிசயம். கிருமி எதற்கும் பழகவில்லை. இவள்தான் மருந்தைக் குறைத்துப் போட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். கஃபார் கேட்டுவிட்டு, "அவரு கேட்டா சொல்லு. கேக்காதப்ப நீயா போய் ஏன் சொல்ற?" என்றான்.

"நாளைக்கு லெட்டர் போயிடுங்க. இல்லாத குறைக்கு எல்லாருக்கும் மருந்த கூட்டிக் குடுப்பாங்க."

"ஜன்னலுக்கு அனுப்பிட்டா? சரி, அதுவும் வேலதானே."

"உங்கள லேத்த விட்டுட்டு கேட்டுல நின்னு இரும்பு எடை போடச் சொன்னா போவீங்களா?"

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள். "ஒரு சொட்டு தொண்டைக்குள்ள போயிடக் கூடாதுன்னுதான் பிப்பெட்ட வாயில வைக்கல. இப்ப இத வாயிக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்தா, நான் புடிக்கிறது என்ன நோன்பு?"

கஃபார் கடல்பாசியின் இன்னொரு துண்டை எடுத்தான். வாசனை இல்லாவிட்டாலும் தின்றான். "காலையில நானே சைக்கிள்ல கொண்டாந்து விடறேன். சொல்லிடு" என்றான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வரும்போது ரமீஜா அவர் அறை வாசலில் நின்றிருந்தாள். மேஜைமேல் பம்பாய்க்குப் போகிற கடிதம், கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. சொட்டுக்குழலை மேஜையில் வைத்துவிட்டு, நோன்பு, பிப்பெட், இருபது சொட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

டாக்டர் சொட்டுக்குழலை எடுத்து அதன் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றார்.

"வந்து ஒரு மாசம்கூட ஆவல சார். அதுக்குள்ள நோன்பு கீன்புன்னு சலுகை கேக்குறாளேன்னு நெனப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"நெனச்சிருப்பேன்" என்றார் டாக்டர். மனிதர் பொய் சொல்ல மாட்டார், அது ஒன்று உண்டு. "அளவுக் குழாய எடுத்துட்டு வா. எண்ணு."

அவர் முன்னால் நின்று எண்ணினாள். இருபது சொட்டில் தண்ணீர் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஒரு மில்லிக் கோட்டைத் தொட முப்பத்திரண்டு சொட்டு ஆயிற்று. டாக்டர் கடிதத்தைத் திருப்பி, அதன் முதுகிலேயே பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தார். ரமீஜா ஜன்னல் பக்கம் பார்த்தாள். இராமதாஸ் யாருடைய பாட்டிலுக்கோ எண் ஒட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஐந்து நிமிஷத்தில் தான் அங்கே போக வேண்டியிருக்கும் என்று மனசைத் தயார் செய்துகொண்டாள்.

"நாலாவதுல நீ போட்டது, சரியா செஞ்சா அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல வர்ற அளவு" என்றார் டாக்டர். "அப்ப கணக்கு ஒத்துப் போவுது. கிருமி மாறல." பென்சிலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "மொத தடவ செஞ்சப்பவும் ஆறாவது டியூப் கலங்கித்தான் இருந்துது. அதுலயும் இந்த நீளம் இருந்திருக்கும். நான்தான் கொட்டச் சொன்னேன். இத்தனை வருஷமா கலங்கின டியூப எல்லாம் கொட்டச் சொல்லியிருக்கேன், ஒரு தடவகூட உள்ள பாத்தது இல்ல. நீ ஏன் பாத்த?"

"பாக்கணும்னு ஆசையா இருந்துது சார்" என்றாள் ரமீஜா. வேறு காரணம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். "இந்தச் சொட்டுக்குழலால இனிமே அளக்கக் கூடாது."

"சரிங்க சார்."

"டெஸ்ட முழுசா திரும்பச் செய்யணும். பிப்பெட்லதான் செய்யணும்."

"பெருநாளுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு சார்" என்றாள் அவள். இதோடு சரி என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். செல்வாம்பாள் உட்காருகிற மரமுக்காலியை இழுத்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்தார். ரமீஜா நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காரு. பாக்கறது உன் வேல. பெருநாள் வரைக்கும் உறிஞ்சறத நான் செய்யறேன்."

வாசலில் இராமதாஸ் எண் ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். ரமீஜா உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அடியிலிருந்த மாத்திரை அட்டை நழுவி, நாற்காலி ஒரு ஆட்டம் ஆடியது.

டாக்டர் பிப்பெட்டைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு குழாய் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் கொஞ்சம் வேகமாக உறிஞ்சிவிட்டார். பஞ்சைத் தாண்டி ஏறியது. கிருமி விடுவதற்கு முந்தின கட்டம் என்பதால் மருந்தும் சாறும் மட்டும்தான். துள்ளி எழுந்து தொட்டிக்கு ஓடித் துப்பினார். செல்வாம்பாள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கசப்புன்னா இப்படியா" என்றார் டாக்டர், வாயைத் துடைத்தபடி. "நான் நோன்பு இருந்திருந்தா என்ன ஆவும்?"

"போயிருக்கும் சார்" என்றாள் ரமீஜா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து குழாய் தெளிந்திருந்தன. ஆறாவது கலங்கியிருந்தது. ரமீஜா துளி எடுத்தாள், சாயம் ஏற்றினாள், தகட்டை வைத்தாள். டாக்டர் கூடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பவர் அவர்தான். அன்றைக்கு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

அவள் கண்ணை வைத்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ரோஜா நிறத்தில், நடுவில் ஒரு சுவரும் இல்லாமல் நீண்டு கிடந்தன.

"நீளமா இருக்கு சார். எல்லாமே" என்றாள். எழுந்து இடம் விட வேண்டும் என்று தெரிந்தும், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.